கொறடா சொன்னார் என்பது பதில் அல்ல

போடிநாயக்கனூரில் எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று கேட்டால் கணக்கு மளமளவென்று வரும். எந்தத் தெருவுக்குச் சாலை வந்தது, எந்த ஊரில் மேல்நிலைத் தொட்டி பாதியில் நிற்கிறது, யார் வீட்டுத் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை என்பதுவரை சொல்வார்கள். சட்டமன்றத்தில் எந்த மசோதாவை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு நின்றுவிடும். "அதெல்லாம் கட்சி சொல்றதுதானப்பா. கொறடா சொன்னா கையத் தூக்கணும், இல்லேன்னா பதவி போயிரும். அதுல அவர்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

டீக்கடையோடு நிற்கிற பேச்சு இல்லை இது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு தனி உறுப்பினரின் வாக்குக்குப் பொருள் இல்லை, தொகுதிப் பணியை வைத்துத்தான் அவரை அளக்க முடியும் என்று மேடையிலும் தலையங்கத்திலும் சொல்கிறவர்கள் உண்டு. அதை மற்றவர்களைவிட விரும்பிச் சொல்கிறவர்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள். இந்தக் கருத்து தவறு. அதனால் நமக்கு நேர்ந்திருக்கும் நட்டம் பெரியது. இதை நிறுவ வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை, தேனி மாவட்டமே போதும்.

2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. தி.மு.க. உறுப்பினர்கள் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. மிஞ்சியவர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்தப் பதினொருவரில் ஒருவர் போடி உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்தார். மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி விலக வைத்தார்கள் என்று சொல்லியிருந்தார்.

அ.தி.மு.க. கொறடாவின் உத்தரவுக்கு எதிராக வாக்களித்ததால் பதினொருவரின் பதவியையும் பறிக்க வேண்டும் என்று தி.மு.க. கொறடா சக்கரபாணி நீதிமன்றம் போனார். 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பேரவைத் தலைவரே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. ஒருவரும் பதவி இழக்கவில்லை. இதற்கிடையே, 2017 ஆகஸ்ட் 21 அன்று அ.தி.மு.க.வின் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இரண்டும் இணைந்தன. ஆறு மாதத்துக்கு முன்பு எந்த அரசுக்கு எதிராக எழுந்து நின்றாரோ அதே அரசில் பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆனார்.

பக்கத்துத் தொகுதிகளில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டிபட்டி உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வனும் பெரியகுளம் உறுப்பினர் கதிர்காமுவும் பிப்ரவரியில் அரசின் பக்கம் நின்றவர்கள். கட்சிக்குள் பிரிந்த தினகரன் அணியில் சேர்ந்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆகஸ்டில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 19 பேரில் இவர்களும் உண்டு. அவையில் இவர்கள் அரசுக்கு எதிராக ஒரு வாக்கும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் இவர்கள் உட்பட பதினெட்டுப் பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் நடந்து முடிவு வரும்வரை, சுமார் 20 மாதம், ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும் எம்.எல்.ஏ. இல்லை.

ஒரே மாவட்டம், ஒரே கட்சி, ஒரே பேரவைத் தலைவர். அவையில் எதிர்த்து வாக்களித்தவர் துணை முதலமைச்சர். அவையில் ஆதரித்து வாக்களித்தவர்களுக்குப் பதவி இல்லை. கொறடாவை மீறினால் தலை போய்விடும் என்பது உண்மையானால் இந்த வரலாறு நடந்திருக்க முடியாது. யாரைத் தண்டிப்பது, யாரை விடுவது என்பதை அன்றைய அரசியல் தேவை முடிவு செய்தது. சட்டத்தின் எழுத்து முடிவு செய்யவில்லை.

அந்த எழுத்தும்கூட நாம் நம்பவைக்கப்பட்ட அளவுக்குக் கொடியதில்லை. 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், முன் அனுமதி இல்லாமல் கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும் என்கிறது. அதே வாசகத்திலேயே, 15 நாளுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொண்டால் போகாது என்றும் இருக்கிறது. 1992-ல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் குறுக்கிப் படித்தது. ஆட்சி நிலைப்பதா கவிழ்வதா என்ற வாக்கெடுப்பு, அல்லது கட்சி மக்களிடம் எடுத்துச் சொல்லி வாக்குக் கேட்ட அடிப்படைக் கொள்கையைத் தொடும் வாக்கெடுப்பு, இவற்றுக்குத்தான் பதவிப் பறிப்பு என்னும் கடும் விளைவு பொருந்த வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. நம்பிக்கை வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு அதற்கு முன்பே, 1990-ல், பரிந்துரைத்திருந்தது. ஆக, ஆண்டு முழுவதும் வந்துபோகும் பெரும்பாலான மசோதாக்களில் உறுப்பினருக்குப் பேசவும் மறுக்கவும் இடம் இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தாததற்குச் சட்டத்தைக் காரணம் காட்டுகிறார், நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

பிப்ரவரி 18 வாக்குக்கும் ஆகஸ்ட் 21 பதவியேற்புக்கும் இடையில் என்ன மாறியது என்பதற்குப் பன்னீர்செல்வம் பக்கம் ஒரு பதில் உண்டு. ஜெயலலிதா மரணம் பற்றி விசாரணை ஆணையம், அவர் வாழ்ந்த வேதா நிலையத்தை நினைவில்லமாக்குவது ஆகியவற்றைப் பன்னீர்செல்வம் அணி கேட்டது. ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் இரண்டையும் அறிவித்தார். இந்தப் பதிலை ஏற்கிறவர்கள் இருக்கலாம், ஏற்காதவர்களும் இருக்கலாம். 2011, 2016, 2021 என்று மூன்று முறை தன்னை அனுப்பிய போடி வாக்காளர்கள் முன் நின்று, "இந்த நாளில் இப்படி நின்றேன், காரணம் இது, அந்த நாளில் அங்கே சேர்ந்தேன், காரணம் இது" என்று வரிசையாகச் சொல்லும் கடமை அவருக்கு இருந்தது என்பதே என் வாதம். 1989-ல் ஜெயலலிதாவை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அந்த அளவு மரியாதைக்கு உரியதுதான். அப்படி ஒரு விளக்கக் கூட்டத்தை நாம் கேட்கவுமில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

"அது ஆட்சி பிழைக்குமா என்ற நாடகம், மற்ற மசோதாக்களில் கட்சி முடிவுதானே" என்பார்கள். அதற்கும் நம் தொகுதியே பதில் வைத்திருக்கிறது.

2019 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழ்நாட்டில் வென்ற ஒரே தொகுதி தேனி. வென்றவர் ஓ.பி. ரவீந்திரநாத். மக்களவையில் கட்சியின் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. 2019 ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவைக்கு வந்தபோது அவர் ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 30 அன்று அதே மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. அ.தி.மு.க.வின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேசினார், கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். கட்சிதான் முடிவு செய்கிறது என்றால் இந்த ஐந்து நாளில் கட்சி எது? ஆதரித்த தேனி உறுப்பினர் கட்சியை மீறினாரா, எதிர்த்த மாநிலங்களவைக் குழு மீறியதா? யார் மீதும் நடவடிக்கை இல்லை. கட்சிக்கே தெளிவு இல்லாத இடத்தில் அந்த வாக்கு அந்த மனிதருடையதாகத்தான் இருக்க முடியும். அதற்கான காரணத்தை அவர் தேனிக்கு, குறிப்பாகக் கம்பம், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் எங்கும் வாழும் இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல காரணமாகக்கூட அது இருந்திருக்கலாம். பெண்களின் உரிமை என்று வாதிட்டிருக்கலாம், எதிர்த்தவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள், தொகுதி இரண்டையும் கேட்டு எடை போட்டிருக்கும்.

அதே ஆண்டு டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125 வாக்கு ஆதரவும் 105 எதிர்ப்பும் பெற்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 பேரும் ஆதரவு. கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்தப் பதினொருவர் மறுபக்கம் நின்றிருந்தால் ஆதரவு 114, எதிர்ப்பு 116. மசோதா தோற்றிருக்கும். "ஒரு ஆள் ஓட்டால் என்ன ஆகிவிடும்" என்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கைத் தமிழ் அகதிகளை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது ஆண்டுக்கும் மேலாக இருப்பவர்களுக்கு அதில் ஒரு வரி இல்லை. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கான அ.தி.மு.க. அறிக்கை, அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. தன் வாக்கால் நிறைவேறிய சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்பதாக வாக்குறுதி தரும் ஒரு கட்சி, முதலில் ஏன் வாக்களித்தது என்று விளக்காமல் நம்மிடம் வர முடிந்தது. நாம் கேட்க மாட்டோம் என்று அதற்குத் தெரியும்.

இனி, மலைக்கு வருகிறேன். "எஸ்டேட் வேலைக்குப் போறவங்களுக்கு மசோதாவும் ஓட்டெடுப்பும் எதுக்கு, அவங்களுக்குக் கூலிதான் கவலை" என்பது இந்தக் கருத்தின் மிக இரக்கமற்ற வடிவம். ஏழைகளின் பெயரால் சொல்லப்படுவதால் கேட்க நியாயமாகவும் தோன்றும். உண்மையில், மற்ற எவரையும்விட ஏலத்தோட்டத் தொழிலாளிக்குத்தான் மசோதா வாக்கெடுப்பு அதிகம் தேவை. காரணம் எளிது. போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறுகிற பெண்கள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு தோட்டங்களில் காய் எடுக்கிறார்கள். அவர்கள் வாக்களிப்பது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். அந்தத் தோட்டத்தில் தங்குமிடமும் பிள்ளைக் காப்பகமும் மருத்துவமும் இருக்க வேண்டுமா என்பதில் போடி எம்.எல்.ஏ.வால் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. கேரளச் சட்டமன்றத்தில் அவர்களுக்கு உறுப்பினர் கிடையாது. மலையின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும் சட்டத்தை எழுதும் இடம் நாடாளுமன்றம் ஒன்றுதான். அங்கே அவர்களுக்காக இருக்கும் ஒரே கை தேனி எம்.பி.யின் கை.

அந்தச் சட்டத்தின் கதையைப் பாருங்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாவுக்குத்தான் முதலில் வந்தது. 1981 திருத்தம்தான் ஏலத்தைச் சேர்த்து, 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பூச்சிமருந்தைக் கையாள்வதில் பாதுகாப்பு வேண்டும் என்ற பகுதி 2010 திருத்தத்தில் வந்தது. ஏலத்துக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பகுதியின் அருமை விளங்கும். ஒவ்வொரு அங்குலமும் ஒரு மசோதாவின் வழியாக, ஒரு வாக்கெடுப்பின் வழியாக வந்தது.

2020 செப்டம்பரில் அந்தச் சட்டம் முழுவதையும் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்தார்கள். 22-ஆம் தேதி மக்களவை, 23-ஆம் தேதி மாநிலங்களவை. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம். அதே இரண்டு நாளில் மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் குரல் வாக்கில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. தோட்டத் தொழிலாளியின் எழுபது ஆண்டுச் சட்டம் முடிவுக்கு வந்த அந்த நாளில் யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று இன்று தேடினால், பெயர் வாரியாக ஒரு வாக்குப் பட்டியல் கிடையாது. தொகுப்புச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வாக்குக்கே சுவடு இல்லாதபோது அந்த விவாதத்தை யாரிடம் தொடங்குவது?

குரல் வாக்கு என்பது உறுப்பினருக்குக் கிடைத்த பெரிய ஒளிவிடம். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் வந்தபோது எண்ணிக்கை வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. நடக்கவில்லை, குரல் வாக்கில் முடித்தார்கள். ஓராண்டுக்கும் மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தபிறகு, 2021 நவம்பர் 29 அன்று அவற்றை ரத்துச் செய்யும் மசோதாவும் விவாதமின்றிக் குரல் வாக்கிலேயே போனது. வந்ததற்கும் பொறுப்பாளி இல்லை, போனதற்கும் இல்லை.

சென்னையிலும் இதே வழக்கம்தான், ஆட்சி மாறினாலும் மாறுவதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைக் குரல் வாக்கில் நிறைவேற்றியது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் அது. தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது சரி. "ஆம்" என்று குரல் கொடுத்தவர்கள் யார், மூன்று நாளில் அவர்களுக்கு என்ன புரிந்தது என்று எந்தத் தொகுதியும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? "ஆம் என்போர் அதிகம்" என்ற அறிவிப்பில் பெயர்கள் இல்லையே.

வெளிநடப்பையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊடகங்கள் அதை வீரமாகக் காட்டுகின்றன. 2016 ஆகஸ்ட் 3 அன்று ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தத்தை மாநிலங்களவையில் எதிர்த்த கட்சி அ.தி.மு.க. மாநிலத்தின் வரி விதிக்கும் உரிமை பறிபோகிறது என்பது வலுவான வாதம், அதை நன்றாகவும் வைத்தார்கள். பிறகு எழுந்து வெளியே போனார்கள். ஏட்டில் இருப்பது 203-க்குப் பூஜ்யம். எதிர்ப்பே இல்லாமல் நாடு ஒருமனதாக ஏற்றதாகத்தான் வரலாறு அதைப் படிக்கும். இன்று போடி ஏல மையத்தில் விற்கும் ஒவ்வொரு கிலோ காய்க்கும் 5 சதவீதம் அந்தத் திருத்தத்தின் வழி வந்த வரி. அதை எதிர்த்தோம் என்று சொல்ல விரும்புகிற கட்சிக்குக் காட்டுவதற்கு ஒரு வாக்குகூட இல்லை.

அந்த ஏல மையத்தையே எடுத்துக்கொள்வோம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அன்றைய வரத்து எத்தனை கிலோ, அதிகபட்ச விலை என்ன, சராசரி என்ன என்று அன்றே வெளிவந்துவிடுகிறது. ஒரு லாட்டு காய்க்கு இருக்கும் வெளிப்படைத்தன்மை, அந்தக் காயைப் பறிப்பவரின் வாழ்க்கையை மாற்றும் மசோதாவுக்கு இல்லாததை நாம் எப்படி இயல்பாக எடுத்துக்கொண்டோம்?

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்று இருக்கிறது. வாக்கு வெளியே தெரிந்தால் உறுப்பினர் தலைமைக்குப் பயப்படுவார், ரகசியமாக இருந்தால் மனசாட்சிப்படி நடப்பார் என்பது. 2017 பிப்ரவரி 18 அன்று பன்னீர்செல்வம், ஸ்டாலின் இருவருமே ரகசிய வாக்கெடுப்புக் கேட்டார்கள். பேரவைத் தலைவர் மறுத்தார். கூவத்தூர் விடுதியில் உறுப்பினர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்த வாரத்தில் அப்படிக் கேட்டதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழி தவறான இடத்துக்குப் போகிறது. வாக்காளனின் வாக்கு ரகசியம், ஏனென்றால் அது அவனுக்குச் சொந்தம். உறுப்பினரின் வாக்கு நாம் கொடுத்து அனுப்பியது. அதை நம்மிடமிருந்து மறைக்க அவருக்கு உரிமை கிடையாது. தலைமையின் மிரட்டல்தான் நோய் என்றால் பத்தாவது அட்டவணையைத் திருத்துங்கள், விடுதிக் கதவைத் திறந்துவிடுங்கள். நம் கண்ணைக் கட்டுவது அதற்கு மருந்தாகாது.

மக்கள் பிரதிநிதி தன் புத்திப்படி வாக்களிக்க வேண்டும், தொகுதி சொல்வதற்கெல்லாம் ஆட வேண்டியதில்லை என்பவர்கள் எட்மண்ட் பர்க் 1774-ல் பிரிஸ்டல் நகரில் பேசியதைக் காட்டுவார்கள். அந்தக் கதையின் இரண்டாம் பாதியை அவர்கள் சொல்வதில்லை. ஆறு ஆண்டு கழித்து, 1780 தேர்தலுக்கு முன், பர்க் அதே பிரிஸ்டலுக்குப் போய்த் தன் மீதான குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். அயர்லாந்து வணிகத்துக்கான சலுகைகளை ஏன் ஆதரித்தேன், கடனாளிகளைச் சிறையிலிருந்து விடுவிக்கும் மசோதாவை ஏன் ஆதரித்தேன், கத்தோலிக்கர்கள் மீதான கொடும் சட்டங்களைத் தளர்த்த ஏன் துணை நின்றேன் என்று காரணம் சொன்னார். அவர் பதில் சொன்ன குற்றச்சாட்டுகளில் இன்னொன்று, தொகுதிப் பக்கம் வருவதில்லை என்பது. அதாவது நம் ஊரின் அதே புகார். அதற்கும் பதில் சொன்னார், ஆனால் மசோதாக்களை அதன் பின்னால் ஒளித்துவைக்கவில்லை. ஆதரவு இல்லை என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகினார். தன் புத்திப்படி வாக்களிக்கும் சுதந்திரத்தை அவர் அந்த விளக்கத்தால் சம்பாதித்தார். நம் உறுப்பினர்கள் சுதந்திரத்தையும் விட்டுவிட்டார்கள், விளக்கத்தையும் விட்டுவிட்டார்கள்.

கடைசியாகச் சாலைக்கும் தொட்டிக்கும் வருகிறேன். அவை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்று, அகலப் பாதையில் 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ரயில் வந்தபோது அதற்கு உரிமை கொண்டாட எல்லாக் கட்சிக்கும் ஆள் இருந்தது. ஆண்டுதோறும் அந்தப் பாதைக்கு எவ்வளவு பணம் என்பது மக்களவை வாக்களித்து ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கையில் இருந்தது. அந்தக் கோரிக்கைகள் விவாதத்துக்கே எடுக்கப்படாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேற்றப்படும் வழக்கம் உண்டு. பாதை ஊர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நம் உறுப்பினர்கள் அந்த வாக்கெடுப்பில் எழுந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தால், ரயில் கேட்டு நாம் கொடுத்த மனுக்களுக்குக் கொஞ்சம் எடை கூடியிருக்கும். தெருச் சாலை, சாக்கடை, குடிநீருக்கு நகராட்சியும் ஊராட்சிகளும் இருக்கின்றன, அவற்றுக்கென உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருக்கிறது. எம்.எல்.ஏ.வை அவர்களுடைய வேலைக்கு மட்டும் அளப்பதால் அவர்களும் வேலை செய்வதில்லை, இவருடைய வேலையும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

தேர்தலில் நிற்க வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இரண்டு உறுதிமொழி கேட்போம். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் எந்த மசோதாவில் எந்தப் பக்கம் நின்றேன், ஏன் என்று ஒரு தாளில் அச்சடித்துத் தொகுதி அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். கொறடா உத்தரவு இருந்திருந்தால் அதையும் அதிலேயே எழுத வேண்டும். இரண்டாவது, மசோதாவின் இறுதி வாக்கெடுப்பை எண்ணி, பெயர்களோடு பதிவு செய்யும்படி பேரவை விதியைத் திருத்த அவர் குரல் கொடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 208-ஆவது பிரிவு, தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தந்திருக்கிறது. டெல்லியின் அனுமதி இதற்குத் தேவையில்லை, பணமும் அதிகம் ஆகாது. எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவது எப்படி என்று அந்த அவைக்கு ஏற்கெனவே தெரியும்.